வானத்திலிருந்து விழும் துகள்... வயலின் ஈரத்தைச் சொல்லும் கருவி!

மண்ணில் எதையும் புதைக்காமல், ஒரே கம்பத்தில் நின்றபடி 30 ஏக்கர் நிலத்தின் ஈரப்பதத்தை அளக்கிறது ஒரு கருவி. அதற்குத் தேவையான 'எரிபொருள்' விண்வெளியிலிருந்து இலவசமாக வருகிறது. அது எப்படி வேலை செய்கிறது, நம் விவசாயிகளுக்கு எந்த அளவுக்குப் பயன்படும், எங்கே பயன்படாது?

'இன்றைக்குத் தண்ணீர் கட்டுவதா, இன்னும் இரண்டு நாள் பொறுப்பதா?' பாசனம் செய்யும் எவரும் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டிய முடிவு இது. தவறினால் இரண்டு பக்கமும் இழப்புதான். அவசரப்பட்டுக் கட்டினால் தண்ணீர் வீணாவதோடு, இட்ட தழைச்சத்தும் வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடும். தாமதித்தால் பூவும் பிஞ்சும் கொட்டிவிடும்.

மண்ணைக் கையில் எடுத்து உருண்டை பிடித்துப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழி. டென்சியோமீட்டர், ஜிப்சம் கட்டி போன்றவை பல காலமாகப் புழக்கத்தில் உள்ளன. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், மண்ணில் குத்தியதும் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு விளக்குகளால் ஈரத்தைக் காட்டும் எளிய கருவியை உருவாக்கியிருக்கிறது. இவை எல்லாமே நல்ல கருவிகள்தான். ஆனால், இவை சொல்வது குத்திய இடத்தின் சேதியை மட்டுமே. தலைமடையில் ஓர் ஈரம், கடைமடையில் ஓர் ஈரம், மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்றுதானே ஒவ்வொரு வயலும் இருக்கிறது?

இன்னொரு பக்கம் செயற்கைக்கோள்கள். மண் ஈரத்தை அளப்பதற்கென்றே 2015 ஜனவரியில் நாசா அனுப்பிய 'ஸ்மாப்' செயற்கைக்கோள், நிலத்தைச் சுமார் 36 கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு கட்டத்துக்குள் ஒரு தாலுகாவே அடங்கிவிடும். அதுவும் மேலே உள்ள சுமார் 5 சென்டிமீட்டர் மண்ணைப் பற்றித்தான் அதற்குத் தெரியும்.

ஒரு சாண் மண்ணுக்கும் ஒரு தாலுகாவுக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் 'காஸ்மிக் கதிர் நியூட்ரான் உணரி'.

தலைக்கு மேலே ஓயாத மழை

காஸ்மிக் கதிர் என்றதும் டார்ச் லைட் வெளிச்சம்போல எதையோ கற்பனை செய்ய வேண்டாம். இவை அணுவின் உட்துகள்கள். பத்தில் ஒன்பது பங்கு புரோட்டான்கள். பெரும்பாலும் சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருந்து, ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் வருகின்றன. 1912-ம் ஆண்டு ஆஸ்திரிய விஞ்ஞானி விக்டர் ஹெஸ், பலூனில் 5,000 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறிச் சென்று, மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டுபிடித்தார். அதற்காக 1936-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊட்டியிலும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம் இந்தக் கதிர்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது.

இந்தத் துகள்கள் காற்று மண்டலத்தில் உள்ள நைட்ரஜன், ஆக்ஸிஜன் அணுக்களின் மீது மோதி, அவற்றைச் சிதறடிக்கின்றன. சிதறிய துண்டுகள் அடுத்த அணுக்களில் மோதுகின்றன. இப்படி ஒன்று பலவாகிக் கீழே இறங்கும்போது உண்டாகும் துகள்களில் ஒன்றுதான் நியூட்ரான். இதற்கு மின்னூட்டம் கிடையாது. அதனால் எதிலும் ஒட்டாமல், எதனாலும் ஈர்க்கப்படாமல் மண்ணுக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே உள்ள அணுக்களில் மோதி, மேலும் பல வேகமான நியூட்ரான்களைக் கிளப்பிவிடுகிறது. இந்த நிமிடமும் எல்லா வயல்களிலும் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது.

கோலிக்குண்டு கணக்கு

இதில் தண்ணீர் எங்கே வருகிறது? கோலி விளையாடியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஓடிவரும் கோலிக்குண்டு ஒரு கருங்கல்லில் மோதினால், ஏறக்குறைய அதே வேகத்தில் திரும்பி ஓடும். அதே எடையுள்ள இன்னொரு கோலியின் மீது நேராக மோதினால், தன் வேகத்தை அதற்குக் கொடுத்துவிட்டு நின்றுவிடும்.

நியூட்ரானுக்குச் சமமான எடை கொண்ட 'கோலி', ஹைட்ரஜன் அணுவின் கரு. மண்ணில் உள்ள சிலிக்கான், ஆக்ஸிஜன் எல்லாம் அதற்குக் கருங்கல் மாதிரி. வேகமான ஒரு நியூட்ரான் முழுவதும் தளர்ந்துபோக, ஆக்ஸிஜனோடு சுமார் 150 முறை மோத வேண்டும். ஹைட்ரஜன் என்றால் சுமார் 18 மோதல்களே போதும். மண்ணில் ஹைட்ரஜன் பெரும்பாலும் எந்த வடிவத்தில் இருக்கிறது? தண்ணீராகத்தான்.

ஆக, மண் காய்ந்திருந்தால் நியூட்ரான்கள் வேகம் குறையாமல் துள்ளி, தரைக்கு மேலே நிறைய வெளிவரும். மண் நனைந்திருந்தால் உள்ளேயே தளர்ந்து நின்றுவிடும். தரைக்கு மேலே ஒரு கருவியை வைத்து எண்ணினால், எண்ணிக்கை கூடும்போது வறட்சி, குறையும்போது ஈரம். இதுதான் அடிப்படை.

தொல்லையாக இருந்தது தொழில்நுட்பமானது

நியூட்ரான்களைத் தரையில் வைத்து எண்ணும் வேலை விவசாயத்துக்காகத் தொடங்கியதல்ல. 1948-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் சிம்சன், விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் நாளுக்கு நாள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதற்காக 'நியூட்ரான் மானிட்டர்' கருவியை உருவாக்கினார். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி இந்தக் கருவிகள் பல நாடுகளில் நிறுவப்பட்டன. சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் மலைமுகட்டில் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள நிலையம் இன்றும் இயங்குகிறது.

வானத்தைப் பார்க்கும் இந்தக் கருவிகளுக்கு, தரையிலிருந்து துள்ளிவரும் நியூட்ரான்கள் வெறும் தொல்லை. மழை பெய்தாலும் பனி படிந்தாலும் கணக்கு மாறிவிடும். அதனால், அவை உள்ளே வராதபடி தடித்த பாலித்தீன் சுவரால் கருவியை மூடினார்கள்.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாரெக் ஸ்ரெடா, டேரின் டெசிலெட்ஸ் மற்றும் அவர்களுடைய குழுவினர் இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். 'மற்றவர்கள் தடுக்கப் பார்க்கும் நியூட்ரான்களைத்தான் நாம் எண்ண வேண்டும்' என்பதே அவர்களுடைய வழி. 2008-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, மண்ணைத் தொடாமலே வயல் அளவிலான ஈரத்தை அளக்க முடியும் என்று காட்டியது. அதைத் தொடர்ந்து அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி, இங்கிலாந்து என இந்தக் கருவிகளின் வலைப்பின்னல் பரவியது. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் சர்வதேச அணுசக்தி முகமையும் சேர்ந்து நடத்தும் மையம், விவசாயத்தில் இதைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டியை 2017-ல் வெளியிட்டது.

எண்ணிக்கை எப்படி ஈரமாகிறது?

பார்ப்பதற்கு எளிமையான அமைப்புதான். ஒரு கம்பம், அதில் பெட்டி, மேலே சோலார் பலகை, தகவலை அனுப்ப சிம் கார்டு. பெட்டிக்குள் ஹீலியம்-3 அல்லது போரான் கலந்த வாயு நிரப்பிய உலோகக் குழாய் இருக்கும். அதைச் சுற்றிச் சுமார் ஓர் அங்குலப் பாலித்தீன் உறை. ஒரு நியூட்ரான் உள்ளே நுழைந்து வாயுவில் பிடிபட்டால், ஒரு சிறிய மின்துடிப்பு உண்டாகும். கருவி அதை 'ஒன்று' என்று எண்ணிக்கொள்ளும்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். துளிகூட ஈரமில்லாத நிலையில் ஒரு மண்ணின் மேல் மணிக்கு 1,000 நியூட்ரான்கள் பதிவாகும் என்று வைத்துக்கொள்வோம். அரிசோனா குழுவினரின் சூத்திரப்படி, எண்ணிக்கை 800 ஆக இருந்தால் 100 கிராம் உலர்ந்த மண்ணுக்குச் சுமார் 7 கிராம் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். 700 என்றால் 13 கிராம். 600 என்றால் 24 கிராம்.

700-க்கும் 600-க்கும் உள்ள வித்தியாசம் சிறியதாகத் தெரியலாம். ஆனால், மேல் 30 சென்டிமீட்டர் மண்ணுக்குக் கணக்குப் போட்டால், அது சுமார் 45 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். ஏக்கருக்கு 1.8 லட்சம் லிட்டர். மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்ற கணக்கு இதற்குள் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நியூட்ரான்கள் சீராக வருவதில்லை. கூரையில் விழும் தூறல் மாதிரி முன்னும் பின்னுமாக விழும். ஒரு மணி நேரத்தில் 700 எண்ணினால், தற்செயலாகவே 26 வரை கூடலாம், குறையலாம். ஈரக் கணக்கில் அது 2 கிராம் ஊசலாட்டம். ஒரு நாள் முழுவதும் சேர்த்து எண்ணினால் இது அரை கிராமுக்குள் அடங்கிவிடும். அதனால், இந்தக் கருவியிடம் 'இன்று எப்படி?' என்று கேட்கலாம், 'இப்போது எப்படி?' என்று கேட்கக் கூடாது.

புயல் வந்தால் 'காய்ச்சல்' காட்டும்!

எண்ணிக்கையை மாற்றுவது மண் ஈரம் மட்டுமல்ல. காற்றழுத்தம் முக்கியமான ஒன்று. தலைக்கு மேல் காற்று குறைந்தால், நியூட்ரான்கள் கூடுதலாகத் தரைக்கு வரும். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் எண்ணிக்கை சுமார் 0.7 முதல் 0.8 சதவிகிதம் கூடும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகி 10 மில்லிபார் குறைந்தால் என்ன ஆகும்? 700 இருக்க வேண்டிய இடத்தில் 750 காட்டும். மழைக்கு முந்தைய நாளில், 'நிலம் காய்ந்துவிட்டது, தண்ணீர் பாய்ச்சு' என்று தவறான சேதி வரும். அதனால், கருவியோடு காற்றழுத்தமானியும் கட்டாயம் இருக்கும். காற்றில் உள்ள நீராவியிலும் ஹைட்ரஜன் இருப்பதால் அதையும் அளந்து கழிக்கிறார்கள்.

மூன்றாவது காரணம் சூரியன். சூரியனின் செயல்பாடு சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகிறது. அது உச்சத்தில் இருக்கும்போது, வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைத் தள்ளிவிடுகிறது. இந்த மாற்றத்தை வயலில் நிற்கும் கருவியால் தனியாகப் பிரித்தறிய முடியாது. அதற்கு யுங்ஃப்ராவ்யோக் போன்ற நியூட்ரான் மானிட்டர்களின் பதிவு தேவை. மண்ணை விலக்கி வானத்தை மட்டும் பார்க்கும் கருவியின் கணக்கைக் கழித்த பிறகுதான், வயலில் உள்ள கருவி மண்ணைப் பற்றி உண்மை பேசும்.

தென்னிந்தியாவுக்கு ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. பூமியின் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களைத் தடுக்கும் வேலையைக் காந்த நடுக்கோட்டின் பக்கம்தான் அதிகமாகச் செய்கிறது. அந்தக் கோடு நம் நாட்டின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதனால், ஐரோப்பாவில் கிடைக்கும் எண்ணிக்கையைவிட இங்கே குறைவாகவே கிடைக்கும். அதே துல்லியம் வேண்டுமானால் பெரிய குழாய் வேண்டும், அல்லது அதிக நேரம் எண்ண வேண்டும்.

மண்வெட்டி இல்லாமல் வேலையில்லை

'மண்ணைத் தொடாத கருவி' என்று சொன்னாலும், தொடக்கத்தில் மண்ணைத் தோண்டாமல் தீராது. கருவியைச் சுற்றி மூன்று வெவ்வேறு தூரங்களில், ஆறு திசைகளில் மொத்தம் 18 இடங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் 30 சென்டிமீட்டர் ஆழம் வரை 5 சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி வீதம் ஆறு மாதிரிகள். ஆக 108 மாதிரிகள். ஒவ்வொன்றையும் எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 24 மணி நேரம் அடுப்பில் உலர்த்தி, மறுபடியும் எடைபோடுவார்கள். குறைந்த எடைதான் தண்ணீர். அந்த அளவோடு நியூட்ரான் எண்ணிக்கையைப் பொருத்திய பிறகே கருவி பேசத் தொடங்கும். இந்தப் பொருத்தம் சரியில்லை என்றால், எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் தவறான எண்ணைத்தான் காட்டும்.

கபினிப் படுகையில்...

இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம், கான்பூர் ஐ.ஐ.டி, புனேவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம், தார்வாட் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவை, இங்கிலாந்தின் சூழலியல் மற்றும் நீரியல் மையத்துடன் சேர்ந்து இந்தக் கருவிகளின் வலைப்பின்னலை உருவாக்கியுள்ளன. செயற்கைக்கோள்கள் சொல்லும் மண் ஈரம் தரையில் எவ்வளவு உண்மை என்று சரிபார்க்க இவை பயன்படுத்தப்பட்டன. அந்த முடிவுகள் 2021-ல் வெளியாயின.

கருவி நிற்கும் இடங்களில் ஒன்று, நம் எல்லையை ஒட்டிய சாம்ராஜ்நகர் மாவட்டம், குண்டலுபேட்டை தாலுகாவில் உள்ள பெரம்பாடி. காவிரியின் துணை ஆறான கபினியின் படுகை அது. மஞ்சள், சூரியகாந்தி, மக்காச்சோளம், செண்டுமல்லி பயிராகும் பகுதி. பாசனம் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றை நம்பித்தான். ஈரோட்டு மஞ்சள் விவசாயிக்கும் சத்தியமங்கலம் செண்டுமல்லி விவசாயிக்கும் இந்த நிலைமையைப் பற்றி விளக்கம் தேவையில்லை. நிலத்தடி நீரை எப்போது எடுப்பது, எப்போது விட்டுவைப்பது என்பதைக் கண்மதிப்பில் முடிவு செய்ய முடியாத இடங்களில்தான், வேர்ப்பகுதி ஈரம் பற்றிய நம்பகமான ஓர் எண் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

எங்கே பயன்படாது?

இதன் பலமே இதன் பலவீனமும். கருவி 'பார்க்கும்' வட்டத்தின் ஆரம், மண், காற்றின் ஈரத்தைப் பொறுத்து, சுமார் 130 முதல் 240 மீட்டர் வரை. 200 மீட்டர் என்று வைத்தால் 31 ஏக்கர். தொடக்கத்தில் இதைவிடப் பெரிய வட்டம் என்று கருதினார்கள். 2015-ல் வந்த ஆய்வு அதைச் சுருக்கியது. வட்டத்துக்குள்ளும் எல்லா இடத்துக்கும் சம மதிப்பு கிடையாது. கருவிக்கு அருகில் உள்ள மண்ணின் குரல்தான் ஓங்கிக் கேட்கும். ஆழமும் நிலையானதல்ல. நன்றாக நனைந்த மண்ணில் சுமார் 15 சென்டிமீட்டர் வரைதான் தெரியும். மிகவும் காய்ந்த மண்ணில் 70, 80 சென்டிமீட்டர் வரைகூடத் தெரியும்.

நம் ஊர்களில் 31 ஏக்கர் என்றால் பத்துப் பதினைந்து பேருடைய நிலம். ஒருவர் கரும்பு, ஒருவர் கடலை, ஒருவர் தரிசு. கருவி இவை எல்லாவற்றையும் கலந்து ஒரே எண்ணாகத்தான் சொல்லும். இதன் விலை பல லட்சம் ரூபாய். ஹீலியம்-3 வாயு உலக அளவில் தட்டுப்பாடான பொருள் என்பதும் ஒரு காரணம். ஆக, இது தனி விவசாயி வாங்கி வைக்க வேண்டிய கருவி அல்ல. ஊருக்குப் பொதுவான மழைமானி மாதிரி, ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கோ, ஒரே பயிர் செய்யும் பெரிய தொகுப்புக்கோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கோ பொதுவாக இருக்க வேண்டியது.

கேள்விகளும் பதில்களும்

இந்தக் கருவி கதிர்வீச்சை வெளியிடுமா?

வெளியிடாது. இதற்குள் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை. ஏற்கெனவே காற்றில் இருக்கும் நியூட்ரான்களை எண்ணுவது மட்டுமே இதன் வேலை. 1950-களிலிருந்து ஆராய்ச்சிப் பண்ணைகளில் பயன்பட்டுவரும் 'நியூட்ரான் புரோப்' என்பது வேறு. அதில் கதிரியக்க மூலம் இருப்பதால், அதைக் கையாள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி தேவை.

தண்ணீர் நிற்கும் நெல் வயலில் வைக்கலாமா?

பயன் இல்லை. மேலே தேங்கி நிற்கும் தண்ணீரே நியூட்ரான்களை அடக்கிவிடும். மண்ணைப் பற்றி எதுவும் தெரியாது. தவிர, மண் ஈரமாக ஆக ஆக எண்ணிக்கையின் மாற்றம் குறைந்துகொண்டே போகும். மானாவாரி நிலத்திலும் புன்செய்ப் பயிர்களிலும்தான் இது கூர்மையாக வேலை செய்யும்.

சொட்டுநீர் போட்ட தென்னந்தோப்புக்கு உதவுமா?

மரத்தடியில் உள்ள ஈர வட்டத்தையும் இடையில் உள்ள காய்ந்த மண்ணையும் சேர்த்துச் சராசரிதான் சொல்லும். மரங்களில் உள்ள நீரும் கணக்கில் சேரும். சொட்டுநீர் போட்ட இடத்தில், வேர்ப்பகுதியில் பொருத்தும் டென்சியோமீட்டரே பொருத்தமானது.

களிமண், மக்கு உரம் அதிகமுள்ள மண் என்றால் கணக்கு மாறுமா?

மாறும். களிமண்ணின் கனிமங்களுக்குள்ளும் மக்கிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. அடுப்பில் உலர்த்தினாலும் போகாத ஹைட்ரஜன் அது. அதைத் தனியாக ஆய்வகத்தில் அளந்து கழிக்க வேண்டும்.

கருவி இல்லாத விவசாயி ஈரத்தை எண்ணாக அறிய என்ன வழி?

கருவியைப் பொருத்துவதற்குச் செய்யும் அதே முறைதான். வயலில் ஐந்தாறு இடங்களில், வேர் இருக்கும் ஆழத்தில் மண் எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து எடைபோடுங்கள். வேளாண் அறிவியல் நிலையத்தில் அல்லது மண் பரிசோதனைக் கூடத்தில் உலர்த்தித் தரச் சொல்லி மறுபடி எடைபோடுங்கள். டப்பாவின் எடையைக் கழித்த பிறகு, உலர்ந்த மண் 100 கிராம், ஈர மண் 118 கிராம் என்றால் ஈரம் 18 சதவிகிதம். தண்ணீர் கட்டிய மறுநாள் ஒரு முறை, பயிர் வாடத் தொடங்கும்போது ஒரு முறை என இரண்டு தடவை செய்தால், உங்கள் மண்ணின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் தெரிந்துவிடும்.

எண்ணை வாங்கும் முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இனி வரும் ஆண்டுகளில் மண் ஈரம் பற்றிய எண்கள் செல்போனுக்கே நிறைய வரும். சில செயற்கைக்கோளிலிருந்து, சில கருவிகளிலிருந்து, சில வெறும் கணினிக் கணிப்பிலிருந்து. அவற்றை நம்பி மோட்டாரைப் போடுவதற்கு முன்பு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இது எத்தனை ஏக்கருக்கான எண்? எத்தனை சென்டிமீட்டர் ஆழத்துக்கானது? எங்கள் பகுதி மண்ணைத் தோண்டி எடுத்து, உலர்த்தி, இதைச் சரிபார்த்திருக்கிறீர்களா?

மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வருவதற்கான வழிகளில் ஒன்றுதான் இந்த நியூட்ரான் கருவி. ஒரு வட்டாரத்தில் ஒன்று நின்றாலும், அங்கே வந்துசேரும் மற்ற எண்களை உரசிப் பார்க்க ஓர் உரைகல் கிடைத்துவிடும்.